ஹாலிவுட் வந்து இறங்கிய ஊர்: ஹாங்காங் நாட்குறிப்பு

சனி இரவு, சிம் ஷா சுய்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங்கில் விசா கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி நேராகக் கிளம்பிவிடாதீர்கள். 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம்தான். ஆனால் கிளம்புமுன் அவர்களுடைய குடிவரவுத் துறைத் தளத்தில் பதிவு செய்து, அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். சித்தப்பா அதை லேமினேட் செய்தே கொண்டுவந்துவிட்டார். கவுன்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

சித்தப்பா பாளையங்கோட்டையில் கராத்தே வகுப்பு நடத்துகிறவர். வகுப்புச் சுவரில் புரூஸ் லீ, பக்கத்தில் திருச்செந்தூர் முருகன். வெள்ளிக்கிழமை ரெண்டு பேருக்கும் மாலை. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது பார்த்த 'என்டர் தி டிராகன்' படத்தை எடுத்த இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிஸ்னிலாந்து வேண்டாம், தியான் டான் புத்தர் வேண்டாம், இது மட்டும் போதும் என்று நிபந்தனை. எனக்கும் வசதிதான். அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு பழைய கேள்வி உண்டு.

அதை லீயின் முதல் ஹாலிவுட் படம் என்பார்கள். கறாராகப் பார்த்தால் 1969-லேயே 'மார்லோ' என்ற படத்தில் வந்துவிட்டார்: ஒரு துப்பறிவாளரின் அலுவலகத்தை அடித்து நொறுக்குவார், இன்னொரு காட்சியில் மாடியிலிருந்து பாய்ந்து செத்துப்போவார், அவ்வளவுதான். நாயகனாக நடித்த முதல் ஹாலிவுட் படம் என்றால் 'என்டர் தி டிராகன்'. வேடிக்கை என்னவென்றால் மனிதர் பிறந்ததே சான் பிரான்சிஸ்கோவில். பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். அப்படியிருந்தும் அங்கே அவர் அயல்நாட்டுக்காரர்தான். தொலைக்காட்சித் தொடரில் முகமூடி போட்ட உதவியாள் வேடம் கொடுத்தார்கள். ஒரு சீனனை நாயகனாகப் போட்டால் வியாபாரம் நடக்குமா என்று தயாரிப்பாளர்கள் யோசிப்பது தனக்குப் புரிகிறது என்று 1971-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். அதே ஆண்டிலிருந்து ஹாங்காங்கில் வரிசையாக மூன்று படங்கள். மூன்றும் வசூலைப் புரட்டிப் போட்டன. அதன்பிறகு ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் கம்பெனி காமிராவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தது. எட்டரை லட்சம் டாலர் பட்ஜெட். அந்தக் கம்பெனிக்கு அது பாக்கெட் பணம்.

ஆக, ஹாலிவுட்டை ஊருக்கு வரவழைத்து எடுத்த படம். அப்படி வந்த படத்தை இந்த ஊர் எப்படி வைத்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

தங்கியிருப்பது சுங்கிங் மேன்ஷன்ஸில். 1961-ல் கட்டிய 17 மாடிக் கட்டடம், ஐந்து பிளாக், ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காக விடுதிகள். எங்கள் பிளாக்கில் ரெண்டு லிப்ட். ஒன்று ஒற்றைப்படை மாடிகளுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. இது தெரியாமல் வரிசையில் நின்றால் இன்னொரு கால் மணி போகும். அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியைத் திறக்க இடமில்லை. சித்தப்பா கட்டிலின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, "ஏல, இதுக்குள்ள ஒரு உதை விட்டா சுவர்லதாம் படும்" என்றார்.

ஞாயிறு

காலையில் நட்சத்திர நடைபாதை. துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லீயின் வெண்கலச் சிலை நிற்கிறது. 2005 நவம்பர் 27, அவர் இருந்திருந்தால் 65 வயது நிறையும் நாளில் திறந்தார்கள். ரசிகர் மன்றம் பணம் திரட்டி வைத்த சிலை. அதற்கு முந்தின நாளே பாஸ்னியாவில் மோஸ்டார் என்ற ஊரில் ஒரு லீ சிலையைத் திறந்துவிட்டார்கள். போரில் பிளந்துபோன ஊர் அது. அங்கே எல்லாத் தரப்புக்கும் பொதுவான ஒரு ஆளைத் தேடியபோது இவர்தான் அகப்பட்டாராம். வளர்ந்த ஊர் ஒரு நாள் பிந்திவிட்டது.

சிலை முன்னால் ஒரே கூட்டம். எல்லோரும் அதேபோல நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பத்து வயதுப் பையன், எந்த நாடோ தெரியவில்லை, இடது கையை முன்னால் நீட்டி நின்றான். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் அவன் தோளைத் திருப்பி, வலது கையை முன்னால் கொண்டுவந்து, பின்குதிகாலை லேசாக உயர்த்தி வைத்துவிட்டு, கட்டைவிரலைக் காட்டிவிட்டு வந்தார். பையனின் அம்மா திகைத்து நின்றார்.

"பலமுள்ள கையப் பின்னால வச்சுத்தான் எல்லாவனும் நிப்பான், குத்துச்சண்டைக்காரன் உள்பட. இவர் பலமுள்ள கைய முன்னால கொண்டாந்தார். எதிராளிக்குக் கிட்டக்க இருக்கு பாத்தியா, போய்ச் சேர நேரம் கொறவு. இது தெரியாம நின்னு போட்டோ எடுத்து என்னத்துக்கு?"

பிறகு ஸ்டார் படகில் ஏறி சென்ட்ரல் போனோம். ஞாயிறு என்பதால் வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் நடைமேம்பாலங்களில் அட்டை விரித்து உட்கார்ந்து, சாப்பிட்டு, சீட்டாடி, தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜனவரிக் குளிர் நம்மவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும், ஸ்வெட்டர் போதும். சிம் ஷா சுய்யில் தோசை கிடைக்கிறது, விலையைக் கேட்காமல் சாப்பிடுங்கள்.

திங்கள், துன் முன்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே வாருங்கள்.

கிழக்கு சிம் ஷா சுய்யில் ரயில் ஏறினால் மாறாமல் துன் முன் வரைக்கும் போகலாம். அங்கிருந்து டிராம் மாதிரியான லைட் ரெயிலில் சிங் ஷான் சுன் நிறுத்தம். இறங்கியதும் மலைச்சாலை. சிமென்ட் போட்ட சாலைதான், ஆனால் முழங்காலைக் கேள்வி கேட்கும் சரிவு. எனக்கு மூச்சு வாங்கியது, சித்தப்பா முன்னால் போய் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். வழியில் ஒரு கல் தோரணவாயில். அதில் செதுக்கியிருக்கும் சீன எழுத்துகளை எழுதிக்கொடுத்தவர் 1920-களில் இங்கே கவர்னராக இருந்த பிரிட்டிஷ்காரர் செசில் கிளமென்டி.

மேலே சிங் ஷான் மடாலயம். மரக்கிண்ணத்தில் ஏறிக் கடலைத் தாண்டி வந்த ஒரு துறவி ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மலையில் தங்கினார் என்பது தலபுராணம். அவர் இருந்ததாகச் சொல்லும் குகையில் சிலையும் இருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடங்கள் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியவை. படத்தில் இதுதான் ஷாவ்லின். உண்மையான ஷாவ்லின் மடம் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் இருக்கிறது. 1973-ல் ஹாங்காங் கம்பெனியும் அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து அங்கே போய்ப் படம் பிடிப்பது நடக்கிற காரியமா? பண்பாட்டுப் புரட்சி இன்னும் முடியாத காலம்.

படத்தின் தொடக்கத்தில் லீயும் சாமோ ஹங் என்ற ஹாங்காங் நடிகரும் மோதுவது இங்கேதான். அலைபேசியில் காட்சியை நிறுத்தி நிறுத்தி, கூரை விளிம்பையும் படிக்கட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே சுற்றினோம். துடைப்பத்தோடு நின்ற முதியவர் ஒருவர் எங்களைக் கண்டதும் தானாகவே ஒரு குத்து விட்டுக் காட்டி, இந்தப் பக்கம் என்று கை நீட்டினார். எங்களைப் போல எத்தனை பேர் வந்திருப்பார்களோ!

அந்தச் சண்டையை இன்றைக்குப் பார்த்தாலும் விசித்திரமாக இருக்கிறது. குங்ஃபூ படம் என்றால் பட்டு உடுப்பும் நீளமான சட்டையும் என்றிருந்த காலத்தில் ரெண்டு பேரும் வெறும் கறுப்பு டிரங்க்ஸ். கையில் விரல் வெளியே தெரியும் மெல்லிய கையுறை. குத்து, உதை, தூக்கி எறிதல் எல்லாம் முடிந்து கடைசியில் தரையில் போட்டுப் பூட்டுகிறார், சாமோ தோல்வியை ஒப்புக்கொள்கிறார். இன்றைக்குத் தொலைக்காட்சியில் வரும் எம்எம்ஏ கூண்டுச் சண்டை மொத்தமும் அந்த ரெண்டு நிமிடத்தில் இருக்கிறது. சித்தப்பா படியில் உட்கார்ந்து அந்தப் பூட்டை என் முழங்கையிலேயே போட்டு விளக்கினார். இதை எழுதும்போதும் வலிக்கிறது.

இதை அடுத்து வரும் காட்சிகளும் எனக்குப் பிடித்தவை: தலைமைத் துறவியோடு நடந்தபடி பேசுவது, பிறகு ஒரு சிறுவனுக்குப் பாடம் எடுப்பது. நிலவைச் சுட்டும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தால் நிலவைக் கோட்டைவிடுவாய் என்று சொல்லி மண்டையில் ஒன்று வைப்பாரே, அந்தச் சிறுவன் டங் வை. பின்னாளில் ஹாங்காங்கின் பெரிய சண்டைப்பயிற்சி இயக்குநர்களில் ஒருவராகி, பல முறை விருது வாங்கினார். வாங்கிய அடி வீண் போகவில்லை.

படத்தின் இயக்குநர் ராபர்ட் க்ளவுஸ் என்ற அமெரிக்கர். ஆனால் இந்த மடாலயக் காட்சிகளை எடுத்தது லீ. படத்தில் மற்றதெல்லாம் என்ன? தனித்தீவில் ஒரு வில்லன், ஒரு கை செயற்கை, மடியில் வெள்ளைப் பூனை, கீழே ரகசியச் சுரங்கம், உளவுத்துறை அனுப்பும் நாயகன். ஜேம்ஸ் பாண்டு படத்தை வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தது போலத்தான் கதை. சண்டைகளைக் கழித்துவிட்டால் நான் ரெண்டாவது தடவை பார்க்க மாட்டேன். இந்த மலையில் எடுத்த சில நிமிடங்கள் மட்டும் வேறு படத்திலிருந்து வந்தவை மாதிரி இருக்கும். துறவியோடு பேசும் அந்தக் காட்சியைத்தான் வார்னர்காரர்கள் முதல் வெளியீட்டில் வெட்டினார்கள். 25 ஆண்டு கழித்து, 1998-ல் வந்த சிறப்புப் பதிப்பில்தான் அதைத் திரும்பச் சேர்த்தார்கள்.

"அப்ப நான் சின்னப்பயலா பாத்ததுல அது கெடையாதா?" என்று கேட்டார் சித்தப்பா. இருந்திருக்காது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சவத்த, அந்த வயசுல அதப் புரிஞ்சிருக்கவும் மாட்டேன்" என்றார்.

இறங்கும்போது மழைத்தூறல். கீழே ஒரு சா சான் டெங்கில், அதாவது இங்கத்து டீக்கடை, அன்னாசி பன் நடுவே கனமான வெண்ணெய்த் துண்டை வைத்துக் கொடுத்தார்கள். பெயரில்தான் அன்னாசி. மேலே வெடித்த சர்க்கரைத் தோல் அப்படித் தெரிவதால் அந்தப் பெயர். சித்தப்பா மூன்று சாப்பிட்டார்.

செவ்வாய், தீவின் தென்கரை

லீ கண்காட்சி இருக்கும் ஷா டின் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அதனால் அதை நாளைக்கு ஒதுக்கிவிட்டு, சென்ட்ரலில் 70 எண் பேருந்து பிடித்து அபர்டீன்.

படத்தில் லீயோடு வரும் அமெரிக்க நடிகர்கள் ஜான் சாக்ஸனும் ஜிம் கெல்லியும் சம்பான் என்ற சின்னப் படகுகளில் உட்கார்ந்து போகும் காட்சி இந்தத் துறைமுகத்தில் எடுத்தது. 1973-ல் இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் படகிலேயே பிறந்து, சமைத்து, வாழ்ந்தன. அந்த நெருக்கடியைப் பார்த்து ஜிம் கெல்லியின் பாத்திரம், சேரி எந்த நாட்டிலும் ஒன்றுதான் என்ற பொருளில் ஒரு வசனம் பேசும். கறுப்பின அமெரிக்கரின் வாயில் அந்த வரி கனமாகவே விழுகிறது. கதையில் சண்டைக்கு வெளியே எனக்குப் பிடித்த ஒரே இடம். ஆனால் அந்தப் படகுக்காரர்களில் ஒருவர்கூடப் படத்தில் வாய் திறப்பதில்லை.

இப்போது படகு வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் சுற்றிலும் நிற்கும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். மீன்பிடிப் படகுகளும் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளும் பக்கத்துப் பக்கத்தில் கட்டிக் கிடக்கின்றன. ஜம்போ மிதக்கும் உணவகத்தைத் தேடி இன்னும் ஆட்கள் வருகிறார்கள். அது 1976-ல்தான் திறந்தது, ஆகவே இந்தப் படத்தில் இருக்காது. 2022 ஜூனில் இழுத்துக்கொண்டு போகும் வழியில் தென்சீனக் கடலில் கவிழ்ந்தும் போய்விட்டது.

சம்பான் ஓட்டும் ஒரு அம்மா எங்களைச் சுற்றிக்காட்டக் கூப்பிட்டார். வைக்கோல் தொப்பி, கையில் ரப்பர் கையுறை, மோட்டார் பக்கத்தில் ஒரு பிளாஸ்க், சின்னக் கடல்தெய்வப் படத்துக்கு முன்னால் மூன்று ஊதுபத்தி. சித்தப்பா அலைபேசியில் லீயின் படத்தைக் காட்டினார். "லீ சியூ லுங்!" என்று சத்தமாகச் சொன்னார் அந்த அம்மா. இந்த ஊரில் அவர் பெயர் அதுதான். பிறகு எங்கோ கையைக் காட்டிக் கான்டனீஸில் நெடுநேரம் பேசினார். ரெண்டு பேரும் தலையாட்டிக்கொண்டே இருந்தோம்.

படகில் சித்தப்பாவுக்குப் பிடித்த காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. தீவுக்குப் போகும் பெரிய பாய்மரப் படகில் ஒரு முரடன் லீயிடம் உன் பாணி என்ன என்று வம்புக்கு வருவான். சண்டை போடாமல் சண்டை போடும் பாணி என்பார் லீ. இங்கே இடம் போதாது, அந்தக் கரையில் வைத்துக்கொள்வோம் என்று அவனைச் சின்னப் படகில் இறக்கி, கயிற்றை நீளவிட்டு, கூட வந்த பையன்கள் கையில் கொடுத்துவிடுவார். அடியே இல்லை, ஆள் தோற்றுவிட்டான். ஜப்பானியக் கராத்தே படித்தவர்களுக்கு இந்தக் கதை பழக்கம். 16ஆம் நூற்றாண்டு வாள்வீரர் சுகஹாரா போகுடென் பேரில் சொல்லப்படுவது. "நம்ம கதைய எடுத்துக்கிட்டாம்லா" என்று சித்தப்பாவுக்கு ஒரே பெருமை. கராத்தே விஷயத்தில் அவர் எப்போதும் ஜப்பான் கட்சி.

அபர்டீனிலிருந்து 73 எண் பேருந்தில் ஸ்டான்லி. கடற்கரை, சந்தை, வெள்ளைக்காரப் பயணிகள், ஐஸ்கிரீம். நிற்காமல் கடந்தோம்.

வில்லன் ஹானின் தீவு என்று படத்தில் வருவது தீவே இல்லை. ஸ்டான்லிக்குப் பக்கத்தில் பாம் வில்லா என்ற தனியார் மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும்தான். வீரர்கள் வரிசையாக நின்று பயிற்சி செய்யும் பச்சைப் புல்வெளி அந்த மாளிகையின் டென்னிஸ் ஆடுகளம். மாளிகையை எப்போதோ இடித்துவிட்டார்கள். வீரர்கள் கரையிறங்கும் டாய் டாம் விரிகுடாவைச் சுற்றிலும் இப்போது வாயிற்காவலர் வைத்த குடியிருப்புகள். ஒரு காவலரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தோம். சிரித்தார், ஆனால் உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு அப்பால் யாரோ டென்னிஸ் ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் புல்வெளியில் நடந்த படப்பிடிப்புக் கதைகள் படத்தைவிடச் சுவையானவை. அமெரிக்கர்களுக்குக் கான்டனீஸ் தெரியாது, உள்ளூர்க் குழுவில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது, நடுவே மொழிபெயர்ப்பாளர்கள். லீக்கோ வாழ்நாள் வாய்ப்பு என்ற பயம். தொடக்க நாட்களில் படப்பிடிப்புக்கே வரவில்லை. வந்து முதல் காட்சியில் நின்றபோது முகத்தசை துடித்துக்கொண்டே இருந்ததாம், டேக் மேல் டேக். அடியாளாக நடித்த பாப் வால் உடைந்த பாட்டிலோடு பாய்ந்து வரும் காட்சிக்குச் சர்க்கரைக் கண்ணாடி இங்கே கிடைக்காமல் நிஜ பாட்டிலையே உடைத்துக் கொடுத்தார்கள். லீயின் கை கிழிந்தது. நாகப்பாம்பும் கடித்தது, நல்லவேளையாக விஷம் எடுத்த பாம்பு.

ஹானாக நடித்த ஷி கீன்தான் எனக்கு இதில் ஆச்சரியமான ஆள். படப்பிடிப்பின்போது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். பழைய கான்டனீஸ் படங்களில் பல ஆண்டு வில்லன். ஹாங்காங்கில் அந்த முகத்தைக் கண்டாலே குழந்தைகள் திட்டும். நம்மூரில் நம்பியாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஆங்கிலம் வராததால் குரல் கொடுத்தவர் அமெரிக்க நடிகர் கீ லூக். உலகம் முழுக்க அவரை ஒரே படத்தின் வில்லனாகத்தான் தெரியும், அதுவும் இரவல் குரலில்.

திரும்பும்போது 14 எண் பேருந்து. 1910-களில் கட்டிய டாய் டாம் நீர்த்தேக்க அணையின் மேல் அந்த மாடிப் பேருந்து ஊர்ந்து போகும். எதிரே ஒரு கார் வந்தால்கூட மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். மேல்தளத்தில் முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள்.

புதன், ஷா டின்

அருங்காட்சியகத்தில் லீக்கென்று தனிக் கண்காட்சி, கட்டணம் இல்லை. துன் முன் போன அதே ரயில் பாதையின் மறுபக்கம், சே குங் கோயில் நிலையத்தில் இறங்க வேண்டும். உடைகள், கையெழுத்துக் குறிப்புகள், பயிற்சிக் கருவிகள், சுவரொட்டிகள். இந்த மனிதர் 1958-ல் ஹாங்காங்கின் சா சா நடன சாம்பியன் என்பது பலருக்குத் தெரியாது. சண்டையில் அவர் காலைப் பார்த்தால் நம்பத் தோன்றும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். சித்தப்பா ஒரு கருவி முன்னால் அரை மணி நேரம் நின்று அளவெடுப்பது போலப் பார்த்தார். ஊருக்குப் போனதும் வெல்டரிடம் சொல்லிச் செய்யப்போகிறாராம்.

என் கேள்விக்குப் பதில் இங்கே அரைகுறையாகக் கிடைத்தது. கண்காட்சி 'என்டர் தி டிராகன்' படத்தைத் தலைமேல் தூக்கி வைக்கவில்லை. வசூலிலும் அன்றைக்கு அதே கதைதான். இதற்கு முந்தைய 'வே ஆஃப் தி டிராகன்' ஹாங்காங்கில் ஏறத்தாழ 53 லட்சம் ஹாங்காங் டாலர் வசூலித்தது. 'என்டர் தி டிராகன்' 33 லட்சத்தோடு நின்றுவிட்டது. அந்த வருடம் முதலிடம் பிடித்தது குங்ஃபூவே இல்லாத ஒரு கான்டனீஸ் நகைச்சுவைப் படம். ஒரே வளவில் 72 குடித்தனக்காரர்கள் வீட்டுக்காரியோடு மல்லுக்கட்டும் கதை, 56 லட்சம். உலகமே வரிசையில் நின்று பார்த்த படத்தைவிட, தங்கள் ஊர் பேசுகிற மொழியில் வாடகைப் பிரச்சினையைப் பேசிய படத்துக்குத்தான் இங்கத்து ஜனம் போயிருக்கிறது. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. சம்பானில் வாழ்கிறவனுக்கு அபர்டீன் என்ன அதிசயம்?

மத்தியானம் டயமண்ட் ஹில். வார்னரோடு சேர்ந்து இந்தப் படத்தை எடுத்த ஹாங்காங் கம்பெனி கோல்டன் ஹார்வெஸ்ட்டின் ஸ்டூடியோ இங்கே ஹாமர் ஹில் சாலையில் இருந்தது. சுரங்கச் சண்டை, கண்ணாடி அறைக் கடைசிச் சண்டை எல்லாம் செட் போட்டு எடுத்தவை. இன்றைக்கு ஸ்டூடியோ இல்லை. சாலையை ஒரு முறை நடந்துவிட்டு, பக்கத்தில் நான் லியான் பூங்காவில் போய் உட்கார்ந்தோம்.

சுரங்கச் சண்டையில் லீ ஒரு அடியாளின் முடியைப் பிடித்து இழுத்துக் கழுத்தை முறிப்பார். அந்த அடியாள் இளவயது ஜாக்கி சான். அதே சண்டையில் லீயின் கம்பு நிஜமாகவே முகத்தில் பட்டுவிட, காட்சி முடிந்ததும் லீ ஓடிவந்து மன்னிப்புக் கேட்டதை ஜாக்கி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். லீக்காக அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்ட டூப் யுவென் வா. சாமோ, ஜாக்கி, யுவென் வா மூவரும் ஒரே பீக்கிங் ஒபரா பள்ளிப் பிள்ளைகள், சிறுவயதிலிருந்து பிரம்படி வாங்கிப் பல்டி படித்தவர்கள். ஹாலிவுட் திரும்பிப் போய்விட்டது, மாளிகை போய்விட்டது, ஸ்டூடியோவும் போய்விட்டது. அடுத்த இருபது வருட ஹாங்காங் சினிமாவைத் தோளில் தூக்கியது இந்த அடியாள் கூட்டம்தான்.

இதே ஸ்டூடியோவில்தான் 1973 மே 10 அன்று, இந்தப் படத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது லீ மயங்கி விழுந்தார். ஒலிப்பதிவில் சத்தம் கேட்குமென்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள். மூளை வீக்கம் என்றார்கள் மருத்துவர்கள். பிழைத்துக்கொண்டார்.

வியாழன், கவுலூன் டாங்

மாலை விமானம். காலையில் பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு கம்பர்லேண்ட் சாலை 41-ஆம் எண்ணைப் பார்க்கக் கிளம்பினோம். லீ கடைசியாகக் குடியிருந்த வீடு. அவருக்குப் பிறகு கைமாறி, பல வருடம் மணிக்கணக்கில் அறை விடும் காதலர் விடுதியாக ஓடியது. உரிமையாளர் 2008-ல் அருங்காட்சியகத்துக்காகத் தர முன்வந்தார். அரசோடு பேச்சு இழுத்து இழுத்து 2011-ல் முறிந்தது. 2019-ல் இடித்துவிட்டார்கள். அமைதியான பணக்காரத் தெரு. நாங்கள் ரெண்டு பேரும் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஒரு கார் மெதுவாகப் போனது.

ஜூன் மாதத்தில் லீ வார்னர் தலைவர் டெட் ஆஷ்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். படத்துக்கு வேறு பெயர்கள் அடிபட்டுக்கொண்டிருந்தன. 'என்டர் தி டிராகன்' என்பதே நல்ல தலைப்பு, யாரோ ஒரு தரமான ஆள் அறிமுகமாகிறான் என்று அது சொல்கிறது என்பது அவர் வாதம். ஜெயித்தார். ஜூலை 20 அன்று, இங்கிருந்து அதிக தூரமில்லாத பீக்கன் ஹில் சாலைக் குடியிருப்பு ஒன்றில் தலைவலிக்கு மாத்திரை சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. 32 வயது. ஆகஸ்ட் 19-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் சைனீஸ் தியேட்டரில் படம் திரையேறியது. தலைப்பில் அறிமுகமாகிற ஆளைப் புதைத்து அப்போது மூன்று வாரம் ஆகவில்லை.

சித்தப்பா தெருவில் நின்றபடியே செருப்பைக் கழற்றிவிட்டு, வகுப்பில் செய்வது போலக் குனிந்து ஒரு வணக்கம் போட்டார். அப்புறம் மணி பார்த்தார். "பஸ்ஸு எத்தன மணிக்குல?"

விமான நிலையத்துக்கு ஏ21 பேருந்து. நேதன் சாலையிலேயே ஏறலாம், இங்கத்துப் பயணக் கட்டண அட்டையான ஆக்டோபஸ் போதும், மிச்சப் பணத்தை விமான நிலையக் கவுன்டரில் திருப்பித் தருகிறார்கள். மேல்தளத்தில் உட்கார்ந்ததும் சித்தப்பா, "ஜாக்கியோட முதல் ஹாலிவுட் படம் எது, எங்க எடுத்தான்?" என்றார்.

1980-ல் வந்த 'தி பிக் பிரால்' என்றேன். அதே கோல்டன் ஹார்வெஸ்ட், அதே ராபர்ட் க்ளவுஸ். ஆனால் இந்தத் தடவை ஆளை அங்கே வரவழைத்து எடுத்தார்கள், டெக்சாஸில் சான் அன்டோனியோ. ஓடவில்லை.

"அந்த ஊருக்கு விசா உண்டா?"

"உண்டு சித்தப்பா, சென்னையில் போய் இன்டர்வியூவுக்கு நிக்கணும்."

"அப்ப அந்தத் தாளையும் லேமினேட் பண்ணிருவோம்" என்று சொல்லிவிட்டு, காலையில் வாங்கி வைத்திருந்த அன்னாசி பன்னைப் பிரித்தார்.